ஹாட் யோகா தொடங்கும் முன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் யோகா சொல்லித் தருகிறேன். கொஞ்ச காலமாக வகுப்புக்கு வருகிறவர்கள் ஹாட் யோகா பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சொன்னான் என்று ஒருவர் வருவார், ரீல்ஸில் பார்த்தேன் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி வருவாள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆசனம் முதலில், சூடு அப்புறம். ஆசனம் பழகாத உடம்பைச் சூட்டு அறைக்குள் கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை.

ஹாட் யோகா என்றால் என்ன?

ஹீட்டர் வைத்துச் சூடாக்கிய அறைக்குள் செய்யும் யோகா. எவ்வளவு சூடு என்பது கூடத்துக்குக் கூடம் மாறும். சில இடங்களில் 32 டிகிரி, சில இடங்களில் 38. இந்த வகையில் மிகவும் பெயர் பெற்ற பிக்ரம் முறையில் அறை 40 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம். 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், மொத்தம் 90 நிமிடம். வரிசை மாறாது. நின்றபடி ஆழ்ந்த மூச்சில் தொடங்கி, அர்த்த சந்திராசனம், உத்கடாசனம், கருடாசனம் என்று போய், தரையில் செய்யும் ஆசனங்களுக்குப் பிறகு வஜ்ராசனத்தில் அமர்ந்து, வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியோடு முடியும். மற்ற ஹாட் யோகா வகுப்புகளில் ஆசனங்களை ஆசிரியரே தேர்ந்தெடுப்பார், நேரமும் பெரும்பாலும் ஒரு மணிக்குள் முடிந்துவிடும்.

இது நம் முன்னோர் செய்த யோகாவா?

ஆசனங்கள் பழையவை, சூடாக்கிய அறை புதியது. கல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷ் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. அவரிடம் கற்ற பிக்ரம் சௌத்ரி 1970-களில் அமெரிக்கா போய், சூடாக்கிய அறையில் இந்த வரிசையைப் பரப்பினார். ஆசன வரிசை தனக்கே சொந்தம் என்று அவர் தரப்பு வழக்காடியது. பயிற்சி வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்மீது பெண்கள் பாலியல் புகார் வழக்குகள் தொடுத்த பிறகு பல கூடங்கள் அவர் பெயரை எடுத்துவிட்டு, '26-2' என்றோ வெறுமனே ஹாட் யோகா என்றோ பலகை வைத்துக்கொண்டன. அதனால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்று நேரில் பாருங்கள்.

நம் ஊர் வெயிலே போதாதா? சித்திரையில் மொட்டை மாடியில் செய்தால் அதுவே ஹாட் யோகாதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பகல் வெப்பம் 38, 39 டிகிரியைத் தொடுவது வழக்கம். ஹீட்டருக்குப் பணம் கொடுப்பானேன் என்று தோன்றும்.

ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரிக்குள் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்புச் சூடு காற்றில் கலந்துவிடும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வெளியிலிருந்து சூடு உள்ளே வருமே தவிர, உள்ளிருப்பது வெளியே போகாது. அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை மட்டும்தான். அதுவும் வழிந்து சொட்டினால் பயனில்லை, தோலிலேயே காய்ந்து ஆவியாக வேண்டும். ஐப்பசி மழையில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பதுபோல, ஈரப்பதம் மிகுந்த அறையில் வியர்வையும் காயாமல் உடம்பில் நிற்கும். நிறைய வியர்க்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும், உடம்போ குளிர்ந்திருக்காது.

நம் ஊர்க் கோடைக்காற்று வறண்டது, வியர்வை சீக்கிரம் காயும். அந்த வகையில் நல்லதுதான். ஆனால் மொட்டை மாடியில் நேர்வெயில் தனியாகச் சுடும். தளம் காலையிலிருந்து வாங்கிய சூட்டைக் கீழிருந்து திருப்பித் தரும். வெறும் கையை ஊன்றினாலே கொப்புளம் போடும் தரையில் அதோமுக சுவானாசனம் செய்ய முடியாது. தகரக் கூரை போட்ட ஷெட் இன்னும் மோசம், அங்கே காற்றும் நின்றுவிடும். முறையான கூடத்தில் வெப்பமானி மாட்டியிருப்பார்கள், கூடினால் குறைப்பார்கள், கதவைத் திறந்தால் வெளியே குளிர்ந்த இடம் இருக்கும். சித்திரை மதியத்தில் மாடியை விட்டு இறங்கினாலும் அனல்தான்.

கோடையில் காலை ஆறு மணிக்குள் செய்து முடியுங்கள். நிழலில், மின்விசிறிக்குக் கீழே. ஓசூர், தளி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காலைக் குளிர் வெகுநேரம் நிற்கும்.

சூட்டில் செய்தால் பலன் கூடுதலா?

பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. டெக்சாஸில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, 40 முதல் 60 வயது வரையுள்ளவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 40.5 டிகிரி அறையிலும் இன்னொரு பிரிவுக்கு 23 டிகிரி அறையிலும் அதே 26 ஆசன வரிசையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வாரம் மூன்று வகுப்பு, 12 வாரம். ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் இரண்டு பிரிவுக்கும் கூடியது. சூட்டு அறைக்காரர்கள் அதில் முந்தவில்லை. நன்மை செய்தது யோகாதான் என்பதுதான் இதில் தெரிகிறது.

சூட்டுக்குச் சில தனிக் குணங்கள் இல்லாமல் இல்லை. தசை சீக்கிரம் தளரும், இதயத்துடிப்பு கூடும், முடித்து வெளியே வரும்போது மனம் லேசாக இருக்கும். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சூட்டு யோகா உதவுகிறதா என்று பாஸ்டனில் ஒரு மருத்துவக் குழு சோதித்து, நம்பிக்கை தரும் முடிவை 2023-ல் வெளியிட்டது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் ஹீட்டர் அறைக்குப் போக வேண்டாம்.

எடை குறையுமா?

வகுப்பு முடிந்ததும் எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும். அது தண்ணீர். குடித்ததும் திரும்பிவிடும்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்ததில், 90 நிமிட பிக்ரம் வகுப்பில் ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330 கலோரியும் செலவாயின. வேகநடையில் செலவாவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். எடைதான் குறிக்கோள் என்றால் தினமும் காலையில் நடந்துவிட்டு, சாதாரண யோகாவும் செய்து, தட்டில் சோற்றின் அளவைக் குறைப்பது போதும்.

வியர்வையில் உடம்பின் கழிவெல்லாம் போய்விடும் என்கிறார்களே?

போகாது. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். தண்ணீர் போதாமல் வியர்த்துக்கொண்டே இருந்தால் அந்தச் சிறுநீரகத்துக்குத்தான் கஷ்டம்.

யார் யார் செய்யக் கூடாது?

கர்ப்பிணிகள் கூடாது. முதல் மூன்று மாதங்களில் தாயின் உடம்பு அதிகம் சூடானால் குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாவதில் குறை வரலாம். குழந்தைக்கு முயற்சி செய்து கொண்டிருப்பவர்களும் தள்ளிப்போடுவது நல்லது, ஏனென்றால் கரு தங்கியது தெரியவே சில வாரங்கள் ஆகும். குளிர்ந்த அறையில் கர்ப்பிணிகளுக்கென்று உள்ள ஆசனங்களை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்.

இதய நோய் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத பி.பி. உள்ளவர்கள், ஒருமுறை வெப்பத் தாக்கு வந்து படுத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஹாட் யோகா பக்கம் போகவே வேண்டாம். சிறுநீரகக் கல் வந்து போனவர்களுக்கும் இதே பதில்தான், உடம்பில் நீர் வற்றினால் கல் மறுபடி சேரும். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருந்தால் சூட்டில் பார்வையும் கை கால் பலமும் தற்காலிகமாக மங்கும்.

சிறுவர்களைச் சூட்டு அறைக்கு அழைத்துப் போகாதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும், வியர்ப்பதும் குறையும். அறுபதைத் தாண்டி முதல்முறை யோகாவுக்கு வருகிறவரை நான் சூட்டு வகுப்புக்கு அனுப்பமாட்டேன்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தின இரவு மது, தூக்கமில்லாத இரவு ஷிப்ட், இதில் எது இருந்தாலும் அன்றைக்கு விடுமுறை. ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்த கையோடு வகுப்புக்குப் போகலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன். போய்த் தூங்குங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒன்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதையே பல வருஷம் குடித்தவர்களில் சிலருக்குப் பல் கறை பிடிப்பதோடு நிற்காமல் எலும்பும் பாதிக்கப்படும். கழுத்து, முதுகு, இடுப்பு இறுகி, திரும்பவும் குனியவும் முடியாமல் போகும். எலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களே கெட்டிப்பட்டிருக்கும். யோகாவுக்கு வரும் பெரியவர் "முதுகு கட்டை மாதிரி இருக்கு, சூட்டுல செஞ்சா இளகுமா மாஸ்டர்" என்று கேட்டால், முதலில் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்வேன். தசை இறுக்கம் என்றால் ஆசனத்தில் தளரும். எலும்பு இறுக்கத்தை வளைத்துச் சரி செய்ய முடியாது, வளைத்தால் ஆபத்து. சோதித்துப் பார்க்க தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு சுகர் இருக்கு, பி.பி. மாத்திரையும் போடுறேன். செய்யலாமா?

உங்கள் டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும். நீர் பிரியச் செய்யும் பி.பி. மாத்திரை போடுகிறவர்களுக்கு ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கும், அதனால் சூட்டுக்கு ஈடுகொடுப்பது கஷ்டம். சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். மனநலத்துக்கான சில மருந்துகளும் அப்படித்தான். லித்தியம் எடுப்பவர்களுக்கு நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சூட்டில் ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக இறங்கும், உடற்பயிற்சியும் சேர்ந்து சர்க்கரை திடீரென்று குறைந்துவிடலாம். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். சூட்டு அறையில் எல்லோருக்குமே வியர்க்கும், படபடக்கும். அதனால் சர்க்கரை இறங்கியது உங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சாதாரண யோகாவைத்தான் சொல்கிறேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் அப்படியே.

தண்ணீர் எவ்வளவு, எப்போது குடிக்க வேண்டும்?

வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர். உள்ளே இருக்கும்போது தாகத்துக்கு ஏற்ப வாய் வாயாக. மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு முன்னால் குனிந்தால் குமட்டும்.

முடிந்த பிறகு எவ்வளவு என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு. வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈர உடையை மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை நிதானமாகக் குடியுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அது எடையில் 2 சதவீதம். அன்றைக்கு அளவு மீறியிருக்கிறீர்கள், அடுத்த வகுப்பில் நேரத்தைக் குறையுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான். உப்பு போகப்போக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஹாட் யோகா செய்தவர்களுக்கு இப்படி நேர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது.

அதனால் உப்பும் சேர வேண்டும். உப்பு போட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் போதும். நிறைய வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பாதியாகக் கண்ணளவில் கரைக்க வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து. பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைத் தாங்களாகக் கூட்டக் கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் நமக்கு முக்கியம். ஒரு லிட்டரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள போர்வெல் தண்ணீரை, வியர்த்துவிட்டது என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடித்தால் ஃபுளோரைடும் இரண்டு மடங்கு உள்ளே போகும். காய்ச்சினாலும் அது போகாது, நீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. உங்கள் தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதென்றால் பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். வராத ஊரில் இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர்.

என்ன சாப்பிட்டுவிட்டுப் போகலாம்?

முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். களி சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம் சாப்பிடலாம். முடிந்த பிறகு உப்பும் மோரும் கலந்த கேழ்வரகுக் கூழைவிடச் சிறந்த ஆகாரம் எனக்குத் தெரிந்து இல்லை. நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சொம்பில் கிடைத்துவிடும். கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் வேண்டாம்.

முதல் வகுப்பில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கதவுக்குப் பக்கத்தில், பின் வரிசையில் இடம் பிடியுங்கள். முன்னால் செய்கிறவர்களைப் பார்த்துக் கற்கலாம், முடியாமல் போனால் சட்டென்று வெளியேறலாம். முதல்முறை வருகிறேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், உடம்பில் என்ன குறை இருக்கிறது என்பதையும் மறைக்காதீர்கள்.

எல்லா ஆசனங்களையும் செய்து முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். அறைக்குள் இருந்து பழகுவதே முதல் நாள் வேலை. நடுவில் உட்காரலாம், சவாசனத்தில் படுக்கலாம், வெளியே போய்விட்டு வரலாம். மூக்கால் மூச்சு விட முடியாமல் வாய் திறந்து இரைக்கத் தொடங்கினால் அதுவே நிறுத்தச் சொல்லும் அறிகுறி. உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நடுவில் சில வாரங்கள் விட்டால் பழக்கம் கரைந்துவிடும், மறுபடி மெதுவாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தரையிலிருந்து எழும்போது அவசரம் கூடாது. சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், சடாரென்று எழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி, உட்கார்ந்து, அப்புறம் எழுங்கள். வகுப்பு முடிந்தவுடன் பைக்கை எடுக்க வேண்டாம். கால் மணி நேரமாவது காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கபாலபாதி பற்றி ஒரு வார்த்தை. பி.பி., குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு அதிக நாள் ஆகாதவர்களும் அதை விட்டுவிட வேண்டும். மற்றவர்கள் செய்யும்போது சாதாரணமாக மூச்சு விட்டபடி உட்கார்ந்திருக்கலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சூட்டில் உடம்பு நன்றாக வளைகிறதே, அது நல்லதுதானே?

பயப்பட வேண்டிய இடமே இதுதான் என்பேன். சூட்டில் தசை இளகும், வலியும் கொஞ்சம் மங்கும். வழக்கமாக "போதும்" என்று சொல்லும் வலி தாமதமாக வரும். அதற்குள் தொடையின் பின்தசை, முழங்கால், கீழ்முதுகு எதிலாவது பிசகியிருக்கும், வீட்டுக்குப் போய்க் குளிர்ந்த பிறகுதான் தெரியும். சாதாரண அறையில் கை எதுவரை போகிறதோ, சூட்டு அறையிலும் முதல் சில வாரங்கள் அதுவரை மட்டும் போங்கள். நின்று செய்யும் ஆசனங்களில் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாமல், தொடைத் தசையை இறுக்கி நில்லுங்கள். சாதாரண அறையில் மூன்று மாதமாவது பழகிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். தன் எல்லை எது என்று தெரிந்த உடம்பு சூட்டில் ஏமாறாது.

மயக்கம் வந்தால்? ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிறுகிறுப்பு, குமட்டல், தலைவலி, காலில் தசைப்பிடிப்பு, இவை முதல் எச்சரிக்கை. உடனே வெளியே வந்து, நிழலில் படுத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்பு சேர்ந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். அன்றைக்குத் திரும்ப உள்ளே போகக் கூடாது.

பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாடுவது, நினைவு தப்புவது, வலிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். உடற்பயிற்சியில் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேகூட இருக்கலாம். ஒருவர் 108-க்கு போன் செய்யட்டும். மற்றவர்கள் காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்: உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம், பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்தலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

இது மிகைப்படுத்தல் அல்ல. அமெரிக்காவில் 90 நிமிட பிக்ரம் வகுப்பில் 20 பேரின் உள் வெப்பத்தை அளந்து பார்த்தபோது சிலருக்கு 39 டிகிரியைத் தாண்டியது, ஒருவருக்கு 40-ஐயும் கடந்தது. அவர்கள் எல்லோரும் நல்ல உடல்நலத்தோடு வந்தவர்கள்.

வீட்டில் அறையை மூடி, சூடாக்கிச் செய்யலாமா?

கரி அடுப்பு, விறகு, கேஸ் ஸ்டவ் எதையும் மூடிய அறைக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலைவலியும் அசதியும் வந்து அப்படியே நினைவு தப்பும். மூச்சை இழுத்து விடும் பயிற்சியில் அது இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். மார்கழிக் குளிரில் தேன்கனிக்கோட்டை பக்கம் கணப்பு மூட்டும் பழக்கம் உண்டு. அதைத் திறந்த வெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்சார ரூம் ஹீட்டரில் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் தனியாகச் செய்தால் மயங்கி விழும்போது பார்க்க ஆள் இருக்காது. வீட்டில் செய்பவர்கள் சாதாரண வெப்பத்தில், சூரிய நமஸ்காரத்தைச் சில சுற்றுகள் செய்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஆசனங்களுக்குப் போங்கள். அந்தச் சூடு உள்ளிருந்து வருவது, அதை உடம்பே கட்டுப்படுத்திக்கொள்ளும்.

என்ன உடை? மேட் வாடகைக்கு எடுக்கலாமா?

உடம்போடு ஒட்டாத, சீக்கிரம் காயும் மெல்லிய உடை. பருத்தி சுடிதார் நனைந்தால் கனத்துவிடும், காலில் சிக்கும். டி-ஷர்ட்டும் முக்கால் பேண்டும் சௌகரியம். துப்பட்டா வேண்டாம் என்பதால் கூச்சப்படும் அக்காமார் பெண்கள் மட்டும் வரும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருவார்கள்.

மேட்டும் துண்டும் சொந்தமாக இருக்கட்டும். படர்தாமரை ஈரத்திலும் வியர்வையிலும்தான் பரவும், ஒருவருக்கு வந்தால் வீடு முழுக்கச் சுற்றும். மேட்டின்மேல் பெரிய துண்டை விரித்துக்கொண்டால் வழுக்காது. வீட்டுக்கு வந்ததும் மேட்டைத் துடைத்து நிழலில் காயவையுங்கள், துண்டையும் உடையையும் துவைத்து வெயிலில் போடுங்கள். ஏற்கெனவே படர்தாமரை இருந்தால் ஆறும்வரை வகுப்பு வேண்டாம்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா?

தடை ஒன்றும் இல்லை. உடம்பு சொல்வதைக் கேளுங்கள். அதிக உதிரப்போக்கு இருக்கும் நாளில் சூட்டு அறையைத் தவிருங்கள், தலைசுற்றல் வரும். நம் பெண்களுக்கு ரத்தசோகை நிறைய இருக்கிறது. படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நகமும் உதடும் வெளுத்திருக்கிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

நான் நாள் முழுக்க வெயிலில் வேலை பார்க்கிறேன். எனக்குச் சூடு பழக்கம்தானே?

மாந்தோப்பிலோ கிரானைட் பட்டறையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்களுக்கு ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரைவிட உடம்பு சூட்டுக்குப் பழகியிருக்கும். உண்மைதான். ஆனால் நாளெல்லாம் வியர்த்து நீரும் உப்பும் இழந்த உடம்பை மாலையில் இன்னொரு தடவை சூட்டில் போடுவதில் நன்மை ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தேவை குனிந்து நிமிர்ந்து சோர்ந்த முதுகுக்கு ஓய்வு. மாலையில் குளித்துவிட்டு, காற்றாடும் இடத்தில் மார்ஜாரி ஆசனம், பாலாசனம், பவனமுக்தாசனம், புஜங்காசனம், கடைசியில் நல்ல சவாசனம். அரை மணி நேரம் போதும்.

நல்ல வகுப்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேரும்போதே உடல்நிலை பற்றி விசாரிக்க வேண்டும். அறையில் வெப்பமானி கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கதவு பூட்டாமல் இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, சொல்லும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, மயக்கம் வருவது நல்ல அறிகுறி என்று சொல்லும் ஆசிரியரிடம் ஒரு நாளும் நிற்காதீர்கள், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. சிலர் இதைக் கட்டுப்பாடு என்று சொல்வார்கள். உடம்பு கெஞ்சும்போது கேட்காமல் இருப்பதை நான் யோகா என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அகிம்சை என்பது யோகாவின் ஒழுக்க விதிகளான யமங்களில் முதலாவது, அது தன் உடம்புக்கும் சேர்த்துத்தான்.

மாணவர் முதுகில் ஏறி அழுத்துகிறவர்கள், கேட்காமல் தொட்டுத் திருத்துகிறவர்கள் இருந்தால் அந்த இடமும் வேண்டாம்.

வார இறுதியில் பெங்களூரு போய் ஹாட் யோகா செய்துவிட்டு வரலாமா?

ஓசூரிலிருந்து என்றால் பக்கம்தான், ட்ராஃபிக்கைப் பொறுத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து 130. வாரம் ஒருமுறை மட்டும் போனால் உடம்பு சூட்டுக்குப் பழகாது, ஒவ்வொரு வாரமும் முதல் நாள் மாதிரியே இருக்கும். அதனால் ஒருமுறை அனுபவித்துப் பார்க்க என்றால் போய் வாருங்கள், தொடர்ந்து செய்ய என்றால் அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அது தோது. போவதாக இருந்தால் கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போங்கள், 60 நிமிட வகுப்பைத் தேர்ந்தெடுங்கள், திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாமல் பஸ்ஸில் வாருங்கள். மற்ற நாட்களில் வீட்டிலேயே காலையில் அரை மணி நேரம் சாதாரண யோகா செய்தால், போகும்போது உடம்பு தயாராக இருக்கும்.